பட்டறையில் ஓர் ஏடு

கொலைச் செய்தி ஒன்று வெளியாகும்போதெல்லாம் அதனுடன் ஒரு கோரிக்கையும் சேர்ந்தே எழுகிறது. அரிவாளையும் கத்தியையும் யார் செய்கிறார், யார் விற்கிறார், யார் வாங்குகிறார் என்பதை அரசு கணக்கெடுக்க வேண்டும். இயன்றால் கத்தி வைத்திருப்பதற்கே உரிமம் கேட்க வேண்டும் என்பது அக்கோரிக்கை. 2023 மார்ச்சில் வில்லியனூரில் நாட்டு வெடிகுண்டு வீசி, வெட்டி நிகழ்த்தப்பட்ட கொலையும், 2025 பிப்ரவரியில் புதுச்சேரி ரெயின்போ நகரில் மூன்று இளைஞர்கள் வெட்டிக் கொல்லப்பட்டதும் எங்கள் பகுதியில் இப்பேச்சை வலுப்படுத்தின. தேநீர்க் கடையிலும் பேருந்திலும் படித்தவரும் படியாதவரும் ஒரே குரலில் "கத்தியைத் தடை செய்தால்தான் இது அடங்கும்" என்கிறார்கள்.

வில்லியனூருக்கு மேற்கே, விழுப்புரம் செல்லும் நெடுஞ்சாலையில், திருவாண்டார்கோயிலிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வாழும் நாங்கள் சட்ட வல்லுநர்கள் அல்லர். படிப்பதும் படித்ததைப் பேசுவதுமாக இருப்பவர்கள். எனினும் சொற்களின் பொருள் பற்றிய விவாதமாகவும் இது இருப்பதால், எங்கள் நிலையைச் சொல்லிவைக்க விரும்புகிறோம். பொது இடங்களில் ஆயுதத்துடன் திரிவதைச் சட்டம் கட்டுப்படுத்தலாம்; கண்டிப்புடன் கட்டுப்படுத்தவும் வேண்டும். ஆனால் கத்தியைச் செய்வதையும் வாங்குவதையும் வீட்டில் வைத்திருப்பதையும் காவல் நிலையத்தின் ஏட்டுக்குள் கொண்டுவருவது பயன் தராது. அதன் சுமை தவறானவர்கள் தோளில் விழும்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். இப்போது நடைமுறையிலிருப்பது 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். அதற்கு முன்னோடி, வைஸ்ராய் லிட்டன் பிரபு 1878இல் கொண்டுவந்த சட்டம். இலக்கிய வாசகர்கள் ஒன்றை நினைவில் கொள்ளலாம்: இந்திய மொழிப் பத்திரிகைகளின் வாயை அடைத்த சட்டத்தையும் அதே லிட்டன் அதே 1878இல்தான் இயற்றினார். பத்திரிகைச் சட்டத்தை அடுத்து வந்த ரிப்பன் பிரபு நீக்கிவிட்டார். ஆயுதச் சட்டமோ விடுதலைக்குப் பிறகும் பதினைந்து ஆண்டுகள் நீடித்தது. அது பிரெஞ்சு ஆட்சியிலிருந்த எங்கள் மண்ணில் செல்லாது. 1911இல் மணியாச்சியில் ஆஷ் துரையைச் சுட்ட வாஞ்சிநாதன், புதுச்சேரியில் தங்கியிருந்த வ.வே.சு. ஐயரிடம் துப்பாக்கிப் பயிற்சி பெற்றார் என்பது பலரும் எழுதியுள்ள செய்தி. ஆயுதச் சட்டத்துக்கும் எல்லைக்கும் உள்ள உறவு எங்களுக்குப் புதிதன்று.

1959ஆம் ஆண்டுச் சட்டம் துப்பாக்கிக்கும் வெட்டுக் கருவிக்கும் வேறுபாடு காட்டுகிறது. துப்பாக்கிக்கு நாடெங்கும் உரிமம் தேவை. கத்தி, வாள் போன்றவற்றை வைத்திருக்கவோ எடுத்துச் செல்லவோ உரிமம் தேவைப்படுவது, ஒரு பகுதியின் சூழ்நிலையைக் கருதி நான்காம் பிரிவின் கீழ் அறிவிக்கை வெளியிடப்பட்டால் மட்டுமே. எடுத்துக்காட்டாக, தில்லியில் 1980இல் வெளியான அறிவிக்கை ஒன்று, பொத்தானை அழுத்தினால் விரியும் கத்திகளில் 7.62 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ளவற்றைக் குறிவைத்தது. விதிகளின் அட்டவணையோ வாள், குத்துவாள், ஈட்டி முதலியவற்றுடன், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு கொண்ட கத்திகளையும் சேர்க்கிறது. உடனே, வீட்டு வேலைக்கும் உழவுக்கும் அறிவியலுக்கும் தொழிலுக்கும் என உருவாக்கப்பட்டவை நீங்கலாக என்று ஒரு விலக்கையும் தருகிறது.

சிக்கல் முழுவதும் இந்த விலக்கில்தான் இருக்கிறது. இளநீர் சீவும் அரிவாளை அளந்து பாருங்கள். அட்டவணையின் அளவைத் தாண்டிவிடும். அது ஆயுதமா, கருவியா என்பதை அளவுகோல் சொல்லாது. எதற்காகச் செய்யப்பட்டது என்ற கேள்விதான் சொல்லும். அக்கேள்விக்குச் சாலையோரத்தில் விடை சொல்பவர் அரிவாளை வைத்திருப்பவர் அல்லர், அவரை நிறுத்தியிருக்கும் காவலர்.

தமிழில் இச்சிக்கல் இன்னும் ஆழமானது. ஆயுத பூஜையன்று நாம் சந்தனமும் குங்குமமும் இடுவது கலப்பைக்கும் தையல் இயந்திரத்துக்கும் அச்சுப்பொறிக்கும் அரிவாள்மணைக்கும்தான். தொழில் செய்யும் பொருள் அனைத்தையும் ஆயுதம் என்று சொல்லி வணங்கும் மொழி இது. போர்ப்பொருளைக் குறிக்கவும் 'படைக்கருவி' என்று கருவியையே துணைக்கு அழைக்கிறோம். ஊரெல்லையில் ஐயனாரும் முனீஸ்வரரும் ஓங்கிய வாளோடும் வீச்சரிவாளோடும் அமர்ந்திருக்கிறார்கள். எங்கள் ஊர்ச் சிவன் கோயிலையே எடுத்துக்கொள்வோம். திருஞானசம்பந்தர் பாடிய திருவடுகூர் இது. வடுக பைரவர் முண்டாசுரனைக் கொன்ற பழி நீங்க இங்கே சிவனை வழிபட்டார் என்பது தலபுராணம். கொல்லப்பட்டவன் அசுரனாகவே இருந்தும் கொன்றவருக்குப் பழி ஒட்டிக்கொண்டது. கழுவாய் தேட வேண்டியிருந்ததும் கொன்றவருக்கே. ஆயுதத்தின் மேல் அந்தக் கதை பழியைச் சுமத்தவில்லை.

இனி, இவ்வட்டாரத்தில் கத்தியோடு சாலையில் நடப்பவர்கள் யாரென்று பார்க்கலாம். தமிழகத்தில் 1987 முதல் கள்ளுக்குத் தடை இருக்கிறது. புதுச்சேரியில் கள் இறக்குவதும் விற்பதும் உரிமத்துடன் நடக்கும் தொழில். பாளை சீவும் கத்தியை இடுப்பில் கட்டிக்கொண்டு, மரம் ஏறுபவர் காலையும் மாலையும் மிதிவண்டியில் போகிறார். கரும்பு வெட்டும் பருவத்தில் ஆட்கள் கூட்டமாக, அவரவர் கத்தியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வருகிறார்கள். நெடுஞ்சாலை நெடுகிலும் இளநீர் வண்டிகள். கறிக்கடைக்காரர் சாணை பிடிக்கத் தம் கத்திகளை எடுத்துப் போகிறார். வாழைத் தோப்புக்குப் போகிறவர் கையில் அரிவாள் இல்லாமல் போவதில்லை. மாட்டுச் சந்தைக்குப் பெயர்பெற்ற மதகடிப்பட்டில், சந்தைக்கு வந்த உழவர் ஒரு கொடுவாள் வாங்கித் துண்டில் சுற்றிக்கொண்டு பேருந்து ஏறினால், அவர் செய்தது என்ன குற்றம்? நரிக்குறவர் இடையிலும் சிறு கத்தியும் குறடும் பிழைப்புக்கான பொருள்களே. அவர்களைச் சந்தேகத்தின் பேரில் நிறுத்துவது எவ்வளவு எளிது என்பதை இங்குள்ளோர் அறிவர்.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் அதன் வலுவோடு சொல்ல வேண்டும். 2019 ஜூலையில் சென்னை அரும்பாக்கத்தில் கல்லூரி மாணவர்கள் பட்டாக்கத்திகளுடன் பேருந்திலேயே சக மாணவரைத் தாக்கினார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரின் வீட்டுக்குள் புகுந்து அவரையும் அவர் தங்கையையும் உடன் படிக்கும் மாணவர்களே அரிவாளால் வெட்டினார்கள். 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் புத்தகப் பையில் அரிவாள் கொண்டுவந்து வகுப்புத் தோழனை வெட்டினான். தடுத்த ஆசிரியரும் காயமுற்றார். கையில் ஒன்றும் இல்லாதபோது அறையோடு முடிந்திருக்கும் சண்டை, அரிவாள் இருந்தால் உயிர்ச்சேதத்தில் முடிகிறது. இவ்வுண்மையை மறுப்பவர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோரின் அச்சத்தைப் புரிந்துகொள்ளாதவர். பள்ளி, கல்லூரி, நீதிமன்றம், பேருந்து, ஊர்வலம், திருவிழாக் கூட்டம் ஆகிய இடங்களில் வெட்டுக் கருவியுடன் வருவதைத் தடுப்பதில் எங்களுக்கு ஐயமே இல்லை.

ஆனால் நடைமுறையில் முன்வைக்கப்படும் தீர்வு வேறு. 2021 செப்டம்பரில் திண்டுக்கல், திருநெல்வேலி மாவட்டங்களில் அடுத்தடுத்துப் பழிக்குப்பழிக் கொலைகள் நிகழ்ந்தபோது, தமிழகக் காவல்துறை மாநிலம் முழுவதும் அதிரடிச் சோதனை நடத்தியது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதாயினர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆயுதங்கள் கைப்பற்றப்பட்டன. அதன் தொடர்ச்சியாகப் பட்டறைக்காரர்களை அழைத்துப் பேசினார்கள். உழவுக்கும் வீட்டுக்கும் மட்டுமே விற்க வேண்டும். வாங்குபவரின் பெயர், முகவரி, கைப்பேசி எண் ஆகியவற்றைக் குறித்துவைக்க வேண்டும். கண்காணிப்புக் கேமரா பொருத்த வேண்டும் என்று அறிவுறுத்தினார்கள். சட்டமன்றத்தில் விவாதித்து இயற்றப்பட்ட சட்டம் அன்று இது. அதே ஏடு புதுச்சேரிப் பட்டறைகளுக்கும் வர வேண்டும் என்பதே எங்களூரில் பலர் கேட்பது.

இந்த ஏடு எதைப் பிடிக்கும்? நல்ல அரிவாள் ஒன்று இருபது ஆண்டு உழைக்கும். தந்தை வாங்கியதை மகன் புழங்குவான். அண்டை வீட்டார் இரவல் வாங்குவார். ஏட்டிலுள்ள பெயருக்கும் குற்றம் நடந்த நாளில் அரிவாளைப் பிடித்திருந்த கைக்கும் தொடர்பு இருக்கும் என்பது வெறும் நம்பிக்கை. லாரியின் பழைய வில்பட்டை ஒன்றும் கரி அடுப்பும் இருந்தால் எந்த மறைவிடத்திலும் ஒன்றைத் தட்டி எடுக்கலாம். கடைத்தெருவுக்கே வராமல் இணையத்தில் வாங்குவோரும் உண்டு. இதற்கெல்லாம் மேலாக எங்கள் நிலவியல் இருக்கிறது. புதுச்சேரியின் கிராமக் கொம்யூன்கள் தமிழக ஊர்களோடு பின்னிக்கிடப்பவை. வில்லியனூரிலிருந்து திருவாண்டார்கோயிலுக்கு நெடுஞ்சாலையில் வருபவர், நடுவே கண்டமங்கலத்தில் தமிழகத்துக்குள் புகுந்து மீண்டும் புதுச்சேரிக்குள் வருகிறார். இருபது நிமிடப் பயணத்தில் இரண்டு காவல்துறைகள். ஒரு பக்கத்து ஏடு மறுபக்கத்துக் கைக்கு எட்டாது.

எல்லாவற்றினும் பெரிய சான்று வில்லியனூர்ச் சம்பவமே. அங்கே முதலில் வீசப்பட்டது வெடிகுண்டு. வெடிபொருள்கள் பற்றி 1908ஆம் ஆண்டிலிருந்தே கடுமையான சட்டம் இருக்கிறது. நாட்டு வெடிகுண்டுக்கு உழவுப் பயன் இல்லை, சமையல் பயன் இல்லை, விலக்கும் இல்லை. முழுமையாகத் தடைசெய்யப்பட்ட பொருள். இருந்தும் அதைச் செய்வோரும் சேர்த்துவைப்போரும் எங்கள் பகுதியில் இருக்கிறார்கள். முழுத் தடையுள்ள பொருளையே நிறுத்த இயலாத கண்காணிப்பு, வீட்டுக்கு இரண்டு மூன்று இருக்கும் பொருளை ஏட்டில் எழுதி நிறுத்திவிடும் என்று எப்படி நம்புவது? கூலிக்குக் கொல்பவனுக்குப் பணமும் வண்டியும் வழக்கறிஞரும் ஏற்பாடு செய்துதரும் மனிதர்கள் இருக்கிறார்கள். நிலத் தரகும் அரசியல் போட்டியும் சாதிப் பகையும் அவனுக்குச் சோறு போடுகின்றன. அவற்றுக்கு ஏடு திறக்க யாரும் கேட்பதில்லை.

பட்டறைக்காரரின் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். நெல் அறுவடை இயந்திரம் வந்தபின் கதிர் அரிவாளுக்குத் தேவை குறைந்துவிட்டது. ஆலைகளில் அச்சடித்தாற்போல் வரும் கத்திகள் கடைகளை நிரப்பியிருக்கின்றன. உலைக்கும் கரிக்கும் கைம்மாறாகக் கிடைப்பது சொற்பம். இந்த நிலையில் கேமரா பொருத்தவும், ஏடு எழுதவும், முகம் தெரியாதவரிடம் "எதற்கு வாங்குகிறீர்கள்?" என்று விசாரிக்கவும் அவரைப் பணிப்பது, அவரைத் தம் வாடிக்கையாளர்மீதே ஒற்றராக்குவதாகும். கொலையில் பயன்பட்ட அரிவாள் தாம் அடித்தது என்று தெரியவந்தால், முதலில் நிலையத்துக்கு அழைக்கப்படுபவரும் அவரே. உத்தரப் பிரதேசத்து ராம்பூரின் கதை இதற்கு முன்பாடம். 1990களில் நான்கரை அங்குலத்துக்கு மேற்பட்ட கத்திகளை அம்மாநில அரசு தடைசெய்தபின் ராம்பூரின் கத்தித் தொழில் நலிந்தது. 2023இல் அதே நகரின் நாற்சந்தியில் இருபதடி நீளக் கத்தி ஒன்றைப் பெருமைச் சின்னமாக நிறுத்தினார்கள். கைவினைஞர்கள் அருகிப்போன பின்னர் சிலை எழும்பியது.

பெயர் எழுதும் ஏடுகள் நம் வரலாற்றில் புதியவை அல்ல. குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் முழுச் சமூகங்களும் கைரேகை வைத்து இரவில் நிலையங்களில் படுக்க வேண்டியிருந்தது. அதை எதிர்த்ததற்காக 1920 ஏப்ரலில் பெருங்காமநல்லூரில் மக்கள் சுடப்பட்டார்கள். அச்சட்டத்துக்கும் பட்டறை ஏட்டுக்கும் உள்ள தொலைவு பெரிது என்பதை நாங்கள் அறிவோம். ஆயினும் சந்தேகத்தைப் பதிவேடாக்கும் எந்த ஏற்பாடும் இந்நாட்டில் சாதியின் வழியிலும் ஏழ்மையின் வழியிலுமே நடந்துபோயிருக்கிறது. சமையலறைக்கு ஜப்பானியக் கத்தி வாங்கும் நகரவாசியிடம் எவரும் ஆதார் அட்டை கேட்கப்போவதில்லை. வெற்றுடம்போடு பட்டறை வாசலில் நிற்பவரிடம் கேட்பார்கள்.

உலகின் பிற நாடுகளிலும் இவ்விவாதம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. பிரிட்டனில் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மூன்று அங்குலத்துக்கு உட்பட்ட மடக்குக் கத்தி தவிர மற்றவற்றைப் பொது இடத்தில் வைத்திருக்கத் தகுந்த காரணம் காட்ட வேண்டும். தொழில், சமயம், மரபுடை ஆகியவை காரணங்களாக ஏற்கப்படுகின்றன. 2024 ஜூலையில் சவுத்போர்ட்டில் மூன்று சிறுமியரைப் பதினேழு வயது இளைஞன் குத்திக் கொன்றபின், அவன் இணையத்தில் கத்தி வாங்கியது பெரும் விவாதமாகி விற்பனை விதிகள் இறுகின. அந்நாட்டு மருத்துவர்கள் சிலர், சமையல் கத்தியின் கூர்முனையையே மழுங்கச் செய்யலாமென்று 2005இலேயே எழுதினார்கள். அங்கும் தெருவில் நிறுத்திச் சோதிக்கப்படுவோரில் கறுப்பினத்தவரின் பங்கு அவர்களின் மக்கள்தொகைக்குப் பொருந்தாத அளவு மிகுதி என்ற குறை தீரவில்லை. ஜப்பானில் 2008இல் அகிஹபாராவில் ஏழு பேர் கொல்லப்பட்டபின் 5.5 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள இருபுறக் கூர் கத்திகளைத் தடைசெய்தார்கள். கடற்சிப்பி திறக்கும் கத்திகளில் சிலவும் அந்த அளவுக்குள் அகப்பட்டுக்கொண்டன. அளவுகோலால் எழுதிய சட்டம் தொழிலாளியைத் தேடிவரும் என்பதற்கு அதுவும் ஒரு சான்று.

கிளாஸ்கோ நகரத்தின் வழி வேறாக இருந்தது. 2005இல் அங்கே காவல்துறையே வன்முறைத் தணிப்புக்கென ஓர் அமைப்பைத் தொடங்கியது. கத்தி வைத்திருந்தால் தண்டனையையும் கூட்டினார்கள். அதே நேரத்தில் வன்முறையை ஒரு தொற்றுநோயைப் போல நடத்தி, கும்பல்களில் இருந்த இளைஞர்களை நேரில் அழைத்துப் பேசி, வேலையும் படிப்பும் போதை மீட்பும் ஏற்பாடு செய்தார்கள். அடுத்த பத்தாண்டில் கொலைகள் கணிசமாகக் குறைந்தன. நம்மிடமும் இதற்கு இணையான சிந்தனை இல்லாமலில்லை. நாங்குநேரிக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கை, மாணவர் கைகளில் கட்டும் சாதி வண்ணக் கயிறுகளையும் பள்ளிப் பெயர்களில் ஒட்டியிருக்கும் சாதியையும் பற்றிப் பேசியது. அரிவாளைத் தூக்கச் சொன்னது எது என்று அக்குழு கேட்டது.

எழுதுவோருக்கும் வாசிப்போருக்கும் இதில் பங்குண்டு. சிவகங்கைப் பக்கத்துத் திருப்பாச்சேத்தி அரிவாள் நல்ல வேலைப்பாட்டுக்காகப் பெயர்பெற்றது. திரைப்படங்களும் அவற்றைப் பின்பற்றிய மலிவான கதைகளும் அதை வீரத்தின் சின்னமாக மட்டும் ஆக்கிவைத்தன. வெட்டியவனின் நடையை மெதுவாகக் காட்டும் நாம், வெட்டுப்பட்டவன் வீட்டில் அடுத்த பத்தாண்டு நடப்பதைக் காட்டுவதில்லை. அரிவாளை அடித்தவரின் கொப்புளம் கண்ட கையும் நம் புனைவுகளில் அரிதாகவே வருகிறது. படைப்புக்குத் தடை கேட்கவில்லை நாங்கள். லிட்டனின் இரண்டு சட்டங்களில் ஒன்றை எதிர்த்துவிட்டு மற்றொன்றை வரவேற்க இயலாது. கதையில் அரிவாளை யார் கையில் கொடுக்கிறோம் என்ற பொறுப்பு எங்களுக்கு இருப்பதைச் சொல்கிறோம்.

ஆகவே எங்கள் வேண்டுகோள்கள் இவை. பள்ளி, நீதிமன்றம், பொதுப் போக்குவரத்து, ஊர்வலம் என இடத்தையும் சூழலையும் வைத்து, தொழிலுக்கான காரணத்தைத் தெளிவாக ஏற்றுக்கொள்ளும் எழுத்து வடிவிலான விதி வேண்டும். அது வாய்மொழி உத்தரவாக இல்லாமல், சட்டமன்றத்தில் பேசப்பட்டு, தமிழில் வெளியிடப்பட்டு, பட்டறைச் சுவரிலும் பேருந்து நிலையத்திலும் ஒட்டப்பட வேண்டும். மரம் ஏறுபவரும் கரும்பு வெட்டுபவரும் இளநீர் விற்பவரும் தம் கருவியை உறையிட்டோ சாக்கில் கட்டியோ எடுத்துச் சென்றால் போதும் என்று அதில் இருக்க வேண்டும். பட்டறையில் பெயர் எழுதும் வழக்கம் வேண்டாம். கருவியைச் செய்பவரையும் வாங்குபவரையும் எண்ணுவதற்குச் செலவாகும் ஆளையும் நேரத்தையும், வெடிகுண்டு செய்வோரையும் அவர்களுக்குப் பணம் தருவோரையும் தேடுவதற்குச் செலவிடட்டும். புதுச்சேரிக் காவல்துறையும் விழுப்புரம், கடலூர் மாவட்டக் காவல்துறைகளும் அதற்காக ஒரே மேசையில் அமரட்டும்.

கொலைகளைக் கண்டு அஞ்சும் எங்கள் அண்டை அயலாரை நாங்கள் குறைசொல்லவில்லை. அந்த அச்சம் எங்களுக்கும் உண்டு. மரத்திலிருந்து இறங்கி இருட்டும் வேளையில் வீடு திரும்பும் மனிதரை, இடுப்பிலுள்ள பாளைக்கத்தியைக் கண்டு குற்றவாளியாக நினைக்கும் ஊராக எங்கள் ஊர் மாறிவிடக் கூடாது என்ற அச்சமும் அதனோடு சேர்ந்தே இருக்கிறது.